மாப்பிள்ளை வாங்கிய வெளிச்சப் பெட்டி

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதிக்கிட்டது. அங்க எல்லாருக்கும் அஞ்சு நாள்ல காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு எம்மக போன்ல சொன்னா. ரொம்பச் சந்தோசம். காய்ச்சலை விரட்டுனது நீங்க வரவழைச்ச சிவப்பு லைட்டுப் பெட்டிதான்னும் சொன்னா. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு இருப்புக்கொள்ளல. நம்ம குடும்பத்துல இப்படி ஒரு வைத்தியர் இருக்காருன்னு தெரியாம, வெறும் கம்ப்யூட்டர் மாப்பிள்ளைன்னு நினைச்சில்ல பொண்ணைக் குடுத்துட்டோம்!

பெட்டியோட விலையையும் சொன்னா. அந்தக் காசுக்கு நம்ம ஊர்ச் சந்தையில ஒரு கறவை மாடு பிடிக்கலாம். மாடு காய்ச்சலைத் தீர்க்காதுங்கிறது வாஸ்தவம்தான். ஆனா காய்ச்சல் போன பிறகும் பால் குடுக்கும்.

கோவிச்சுக்கிடாதீக. வைரல் காய்ச்சலுக்கு ஒளிச் சிகிச்சை எப்படி உதவுச்சுன்னு உங்க அடுக்குமாடிக்காரங்களுக்கு நீங்க எழுதி அனுப்புனதை எம்மக எனக்கும் அனுப்பிவச்சா. படிச்சேன். நல்லா எழுதியிருக்கீக. ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல. மத்ததெல்லாம்தான் பிழை.

நான் எட்டாங்கிளாஸோட நின்னவன். ஆனா நம்ம ஊர்க் கிளை நூலகத்துல ஃபேன் நல்லாச் சுத்தும். மத்தியானத்துக்கு எனக்கு அங்கதான் கிடை. கையில புஸ்தகம் இல்லாம உட்கார்ந்தா நூலகர் எழுப்பிவிட்டுருவாரு. அதனால வேற வழியில்லாமப் படிக்க வேண்டியதாப் போச்சு. புரியாததை ராத்திரி உங்க கொழுந்தியாகிட்டக் கேட்டுக்கிடுவேன். அவ மெடிக்கல் காலேஜுல கடைசி வருசம். வீட்டுல டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்காம, கூரியர்காரன் கொண்டுவந்த வைத்தியத்தை நம்புன உங்க தைரியத்தை அவளும் மெச்சிக்கிட்டா.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். வெளிச்சத்துக்கு நான் விரோதி இல்ல. கரிசக்காட்டுல பருத்தியும் கம்பும் போட்டு ஆயுசுல முக்கால்வாசியை வெயில்லயே கழிச்சவன். வெயிலு பட்டா வைரஸ் ஓடிப்போகும்னா எனக்குச் சளியே பிடிச்சிருக்கக் கூடாது. வருசா வருசம் ஐப்பசியில நான் இருமுற இருமலுக்கு எதிர்வீட்டு நாய் பதில் குலைக்கும். நம்பலைன்னா உங்க மாமியாகிட்டக் கேட்டுக்கோங்க.

2020 மார்ச்சுல, கொரோனா வந்த புதுசுல, மத்திய சுகாதார இணை அமைச்சர் ஒருத்தரு பத்துப் பதினஞ்சு நிமிசம் வெயில்ல இருக்கச் சொன்னாரு. உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி கூடும், வைரஸும் சாகும்னாரு. எங்க ஊர்ல களை பறிக்கிற பொம்பளைகளுக்கு ஒரே பெருமை. பதினஞ்சு நிமிசம் என்ன, நாங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மருந்துக்குள்ளயேதானே நிக்கிறோம்னாக. அப்புறம் உலக சுகாதார நிறுவனம் குறுக்க வந்து, வெயில்ல நின்னாலும், 25 டிகிரிக்கு மேல சூடு இருந்தாலும், கொரோனா வரத்தான் செய்யும்னு சொல்லிப்புட்டுது. சித்திரை மாசத்துல எங்க ஊர்ல 25 டிகிரிங்கிறது விடியுமுன்னயே தாண்டிப்போற கணக்கு. கொரோனாவும் தாராளமா வந்துட்டுப் போச்சு.

அதே வருசம் ஏப்ரல் 23-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், வெள்ளை மாளிகையில பத்திரிகைக்காரங்க முன்னாடி, புற ஊதா ஒளியையோ வேற பலமான வெளிச்சத்தையோ உடம்புக்குள்ள கொண்டுபோக முடியுமான்னு கேட்டாரு. பக்கத்துல உட்கார்ந்திருந்த டாக்டரம்மா முழிச்ச முழியை உலகமே டிவியில பார்த்துச்சு. ஆக, மாப்பிள்ளே, நீங்க தனியாள் இல்ல. உங்களுக்குப் பெரிய இடத்துச் சகவாசம் இருக்கு.

இதுக்கெல்லாம் மூத்தவர் ஒருத்தர் இருக்காரு. அவர் கதையைக் கொஞ்சம் நின்னு கேளுங்க. பெட்டி விக்கிறவன் இந்தக் கதையில பாதியைச் சொல்லித்தான் விக்கிறான். மீதிப் பாதியை மாமன் சொல்றேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகள்ல 1860-ல நீல்ஸ் ஃபின்சென்னு ஒருத்தர் பிறந்தாரு. டாக்டருக்குப் படிச்சாரு. இருபது வயசு தாண்டுனதும் தீராத நோய் ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. ரத்தச்சோகை, எந்நேரமும் களைப்பு. வடக்குப் பார்த்த வீட்டுல குடியிருந்துக்கிட்டு, வெயில் பட்டா உடம்புக்குத் தேவலையேன்னு ஏங்குன மனுசன். அந்த ஏக்கத்துலயே வெளிச்சத்தை ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சாரு.

1893-ல பெரியம்மைக்கு ஒரு ரோசனை சொன்னாரு. வெயில்ல இருக்கிற ஊதாப் பக்கத்துக் கதிருதான் அம்மைக் கொப்புளத்தைச் சீழ் பிடிக்க வச்சுத் தழும்பாக்குது. அதனால நோயாளி இருக்கிற அறையோட சன்னலுக்கெல்லாம் சிவப்புக் கண்ணாடி போடணும், இல்ல கெட்டியான சிவப்புத் திரை கட்டணும். சிவப்பைத் தவிர வேற வெளிச்சம் உள்ள வரக் கூடாது. இதுல ஒண்ணைக் கவனிச்சீகளா? சிவப்பு குணப்படுத்தும்னு அந்த மனுசன் சொல்லல. மத்த வெளிச்சம் கெடுக்கும்னுதான் சொன்னாரு. உங்க பெட்டிக்காரன் அதைத் தலைகீழாப் புரட்டிப்போட்டு, சிவப்பே மருந்துன்னு ஆக்கிப்புட்டான்.

அம்மைக்குச் சிவப்புங்கிறதும் ஃபின்செனுக்குப் பல நூறு வருசத்துக்கு முந்தியே இருந்ததுதான். 14-ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் ஆஃப் கேட்ஸ்டன்னு ஒரு வைத்தியரு, ராஜாவோட மகனுக்கு அம்மை கண்டப்ப படுக்கையைச் சுத்தி எல்லாத்தையும் சிவப்பாக்கி, தழும்பே இல்லாமத் தேத்திட்டேன்னு எழுதிவச்சிருக்காரு. வைத்தியம் பார்த்தவரும் அவரே, ஜெயிச்சுதுன்னு சொன்னவரும் அவரே. உங்க அனுபவக் கட்டுரைக்கு அவர்தான் பாட்டன். ஜப்பான்ல அம்மை கண்ட பிள்ளைக்குச் சிவப்புத் துணி, சிவப்புப் பொம்மை, சிவப்பு மையில அச்சடிச்ச படம்னு ஒரு முழு வியாபாரமே நடந்திருக்கு.

ஃபின்சென் பெரிய டாக்டர். அவர் சொன்னதும் ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் பல ஆஸ்பத்திரிகள்ல சிவப்பு அறை முளைச்சுது. தழும்பு குறைஞ்சுது, காய்ச்சல் குறைஞ்சுதுன்னு அங்கங்க இருந்து நல்ல சேதியா வந்துது. 1904-ல லண்டன்ல பெரியம்மை ஆஸ்பத்திரி டாக்டர்மாரான ரிக்கெட்ஸும் பைல்ஸும் நிதானமா உட்கார்ந்து பார்த்தாக. முழுக்க முழுக்கச் சிவப்பு வெளிச்சத்துலயே நோயாளிகளை வச்சுக் கவனிச்சாக. கொப்புளம் வழக்கம்போலச் சீழ் பிடிச்சுது, தழும்பும் வழக்கம்போல விழுந்துது. சிவப்பு அறையால ஒரு பிரயோசனமும் இல்லைன்னு 'லான்செட்' பத்திரிகையில எழுதிப்புட்டாக. அதுக்கப்புறம் சிவப்புத் திரையெல்லாம் ஒவ்வொண்ணாக் கழண்டுது.

அப்ப முந்தி வந்த நல்ல சேதியெல்லாம் பொய்யான்னு கேப்பீக. பொய் இல்ல. பெரியம்மை ஆளுக்கு ஆள் வேற வேற வேகத்துல வரும். கடுமையான வகைன்னா நூத்துக்கு முப்பது பேரைக் கொண்டுபோகும். லேசான வகையில நூத்துக்கு ஒருத்தர் சாகுறதே பெருசு. முன்னமே அம்மை குத்திக்கிட்டவனுக்கு வந்தா நாலு கொப்புளத்தோட போயிரும். இப்படி லேசா வந்து லேசாப் போனவன் சிவப்பு அறையில படுத்திருந்தான்னா பேரு அறைக்குத்தான் போகும். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்துது. காக்காயைப் பிடிச்சுக் கூண்டுல அடைச்சு, பழம் பறிக்கிற எந்திரம்னு விலை போட்டு வித்தா எப்படி இருக்கும்? அதைத்தான் மாப்பிள்ளே, நீங்க தவணையில வாங்கியிருக்கீக.

இப்பப் பெட்டிக்காரன் சொல்ற பாதிக்கு வாரேன். அதுவும் நிசம்தான், மறைக்கல. அதே ஃபின்சென் 1895-ல தோல்ல வர்ற காசநோய்க்கு, லூபஸ் வல்காரிஸ்னு பேரு, மூஞ்சியையே அரிச்சுத் தின்னுரும், அதுக்குக் கார்பன் வில்விளக்கு வெளிச்சத்தைக் குவார்ட்ஸ் கண்ணாடி வழியாக் குவிச்சு, தண்ணியால சூட்டை ஆத்தி, புண்ணு மேல பாய்ச்சுனாரு. நாள் தவறாம, மாசக்கணக்கா. நோய் ஆறுச்சு. மறு வருசமே கோப்பன்ஹேகன்ல ஒளி மருத்துவ நிலையம் திறந்தாரு. டென்மார்க் ராஜா மகளாப் பிறந்து இங்கிலாந்துக்கு வாக்கப்பட்டுப் போன அலெக்சாண்ட்ரா, 1900-ல லண்டன் ஆஸ்பத்திரிக்கு அந்த விளக்கைப் பிறந்த வீட்டுச் சீராக் கொண்டாந்து குடுத்தாக. மாமியா வீட்டுக்குச் செய்ற சீருன்னா அதுல்ல சீரு. நீங்க போன தீவாளிக்குக் கொண்டாந்த காஜு கத்லியைக் குறை சொல்லல, சும்மா ஞாபகம் வந்துது. 1903-ல ஃபின்செனுக்கு மருத்துவ நோபல் பரிசு. மறு வருசம் 43 வயசுலயே கண்ணை மூடிட்டாரு.

கவனிச்சுக்கோங்க. மனுசன் ஒருத்தர்தான். மூளையும் ஒண்ணுதான். தோல் காசநோய்க்கு அவர் காட்டுன வெளிச்சம் ஜெயிச்சுது, பெரியம்மைக்குக் கட்டுன சிவப்புத் திரை தோத்துது. முதலாவது பாக்டீரியா நோய், வெளிச்சம் நேராப் போய்த் தொடுற தோல்ல இருந்துது. ரெண்டாவது வைரஸ் நோய், உடம்பு பூராப் பரவியிருந்துது. 'நோபல் பரிசு வாங்கிய ஒளிச் சிகிச்சை'ன்னு பெட்டி அட்டையில அச்சடிச்சிருந்தா, எந்த ஒளி, எந்த நோய்க்குன்னு கேளுங்க. கேட்டவுடனே அவனுக்கு வேற போன் வந்துரும். பெரியம்மையை ஒழிச்சது எதுன்னு தெரியும்ல? ஊசிதான். நம்ம சென்னை கிண்டி கிங் நிலையத்துலகூட அதுக்கான தடுப்பு மருந்து செஞ்சாக. 1980-ல உலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சாக. சிவப்புத் துணிக்கு அதுல பங்கு ஒண்ணும் இல்ல.

வெளிச்சம் வைரஸைக் கொல்லவே கொல்லாதான்னு நீங்க மடக்குவீக. கொல்லும். புற ஊதாவுலயே ஒரு வகை, 254 நானோமீட்டர்னு கொழுந்தியா சொன்னா, வைரஸோட மரபுச்சரட்டையே கெடுத்துரும். அமெரிக்காவுல வெல்ஸுன்னு ஒருத்தரு பிலடெல்பியா பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறைகள்ல அந்த விளக்கை மேல மாட்டிவச்சாரு. 1941-ல தட்டம்மை ஊரையே சுத்துனப்ப, விளக்கு இருந்த வகுப்புகள்ல பிள்ளைகளுக்கு ரொம்பக் குறைவாத்தான் ஒட்டுச்சு. 1957-ல ஆசியக் காய்ச்சல் வந்தப்ப, கலிபோர்னியா லிவர்மோர்ல ஒரு ஆஸ்பத்திரியில விளக்கு மாட்டுன கட்டடத்து நோயாளிகள்ல நூத்துக்கு 2 பேருக்குத்தான் தொத்துச்சு. விளக்கு இல்லாத பக்கம் நூத்துக்கு 19.

சபாஷ்னு துள்ளாதீக. அந்த விளக்கு எங்க இருந்துது? கூரைப் பக்கம். எதைப் பார்த்து இருந்துது? மேல மிதக்கிற காத்தை. மனுசன் மேல படாத மாதிரி மறைப்பு வச்சிருந்தாக. காத்துல இருக்கிற வைரஸ் உங்களுக்குள்ள வர்றதுக்கு முன்னயே சாகடிக்கிற ஏற்பாடு அது. ஒருக்க நம்ம செல்லுக்குள்ள குடிபுகுந்துட்டா, அதைக் கொல்ற வெளிச்சம் வீட்டுக்காரனையும் சேர்த்துத்தான் கொல்லும். வெல்டிங் பட்டறையில கண்ணாடி போடாம நின்னவனுக்கு ராத்திரி கண்ணு உறுத்தி உசுரு போகுமே, அந்தக் காயம் புற ஊதாவால வர்றதுதான். கையைச் சுத்தம் பண்ணக்கூட அந்த விளக்கைக் காட்டாதீகன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. நல்லவேளை, உங்க பெட்டியில அது இல்ல. உங்க பெட்டி வைரஸை ஒண்ணும் பண்ணாது, உங்களையும் பெருசா ஒண்ணும் பண்ணாது. ரெண்டு பேருக்கும் சமாதானம்.

அப்ப சிவப்பு வெளிச்சம் என்னதான் பண்ணும்? 1967-ல ஹங்கேரியில புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டரு எலிக்கு மயிரை மழிச்சுட்டு, தோல் மேல லேசர் காட்டிப் பார்த்தாரு. புத்துநோய் வருதான்னு பார்க்கத்தான் காட்டுனாரு. அது வரல. ஆனா லேசர் பட்ட இடத்துல மயிரு வெரசா முளைச்சிருச்சு. அதுல இருந்து கிளம்புனதுதான் இப்ப நடக்கிற சிவப்பு, அகச்சிவப்பு ஆராய்ச்சியெல்லாம். செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவை அந்த வெளிச்சம் தட்டிவிடுது, வீக்கம் குறையுதுன்னு சோதனைக்கூடத்துல காட்டியிருக்காக. புத்துநோய் மருந்தால வாய் வெந்துபோறவுகளுக்கு ஆஸ்பத்திரியில நிசமாவே இந்தச் சிகிச்சை குடுக்காக. மண்டையில மயிரு வளரவும் ஓரளவு ஆதாரம் இருக்காம். மாப்பிள்ளே, ஒரு உரிமையில சொல்றேன், அந்தப் பெட்டியைக் காய்ச்சலுக்குக் காட்டுனதுக்குப் பதிலா மேல கொஞ்சம் தூக்கிக் காட்டியிருந்தாலாவது எம்மக சந்தோசப்பட்டிருப்பா.

வைரஸ் நோயிலயும் ஒண்ணு ரெண்டு உண்டு. உதட்டு ஓரம் கொப்புளிக்கிற ஹெர்பிஸுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒருவகை அகச்சிவப்பைக் காட்டி இங்கிலாந்துல சோதிச்சதுல புண்ணு கொஞ்சம் வெள்ளனே ஆறியிருக்கு. கொரோனா நிமோனியாவுக்கு அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஆஸ்பத்திரி லேசரை முதுகுல காட்டிப் பார்த்தாக. அதுல சேர்ந்தது மொத்தம் 10 பேரு. 5 பேருக்கு வழக்கமான வைத்தியத்தோட லேசரும், 5 பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். லேசர் பட்டவுக நல்லாத் தேறுனாகன்னு எழுதிட்டு, இது முதல்கட்டச் சோதனைதான்னு செஞ்சவுகளே சொல்லியிருக்காக. பத்துப் பேரை வச்சு நம்ம ஊர்ல கபடிக்குக்கூட ரெண்டு டீம் கட்ட முடியாது. அவுக அடக்கமாச் சொன்னதைப் பெட்டிக்காரன் 'மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது'ன்னு அச்சடிச்சிட்டான். நீங்க அதை வாட்ஸப்புல ஏத்திட்டீக.

ரத்தத்துக்கே வெளிச்சம் காட்டுன கதையும் உண்டு. 1920-கள் கடைசியில அமெரிக்காவுல எம்மெட் நாட்னு ஒருத்தரு, நோயாளி உடம்புல இருந்து ரத்தத்தைக் கொஞ்சம் வெளிய எடுத்து, புற ஊதாவைக் காட்டி, திரும்ப உள்ள ஏத்துற எந்திரம் செஞ்சாரு. போலியோவுக்கு, மஞ்சக்காமாலைக்கு, நிமோனியாவுக்குன்னு கொஞ்ச காலம் ஓடுச்சு. பெனிசிலின் வந்துது, 1955-ல சால்க்கோட போலியோ ஊசி வந்துது, எந்திரம் மூலைக்குப் போச்சு. இப்பவும் சில ஊர்கள்ல அதைத் தூசி தட்டி விக்கிறாகளாம். நீங்க தேடிக் கண்டுபிடிச்சுருவீகளோன்னுதான் முந்திக்கிட்டுச் சொல்லிவைக்கேன்.

நிரூபிச்ச ஒளிச் சிகிச்சை எப்படி இருக்கும்னு பார்க்கணுமா? உங்க வீட்டுலயே நடந்திருக்கு. மூத்தவ பிறந்த மூணாம் நாள் மேலெல்லாம் மஞ்சளாகி, கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்துக்குக் கீழ போட்டுவச்சாகளே! நீங்க கண்ணாடிக்கு வெளிய நின்னு அழுதீக. நான் பார்க்காத மாதிரி இருந்துக்கிட்டேன். அது 1956-ல இங்கிலாந்துல ரோச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா கண்டது. ஜீன் வார்டுன்னு பேரு. குறைமாசப் பிள்ளைகளை முத்தத்து வெயில்ல கொண்டுபோய் வைப்பாக. வெயில் பட்ட இடம் வெளுத்தும், துணி மறைச்ச இடம் மஞ்சளாவும் இருந்துது. டாக்டர் கிரீமர் அதைக் கையில எடுத்து, எந்த வெளிச்சம், எம்புட்டு நேரம், ரத்தத்துல பிலிருபின் எம்புட்டுக் குறையுதுன்னு அளந்து 1958-ல எழுதுனாரு. அப்பவும் எல்லாரும் ஒத்துக்கிடல. 1968-ல அமெரிக்காவுல லூசின்னு ஒரு டாக்டரு, வெளிச்சம் காட்டுன பிள்ளைக, காட்டாத பிள்ளைகன்னு பிரிச்சுச் சோதிச்சுக் காட்டுன பிறகுதான் உலகம் பூராப் பரவுச்சு. கண்ணால பார்த்ததுக்கே பன்னண்டு வருசம் ஆதாரம் கேட்டிருக்காக. நீங்க அஞ்சே நாள்ல முடிச்சுட்டீக. வேகம்னா இதுல்ல வேகம்.

இப்ப உங்க அஞ்சு நாளுக்கு வாரேன். சாதாரண வைரல் காய்ச்சல், சளியெல்லாம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள தானாவே கிளம்பிரும். உடம்புல இருக்கிற எதிர்ப்புச் சக்தி பார்க்கிற சோலி அது. போற நேரத்துல பக்கத்துல எவன் நிக்கிறானோ அவன் பேரு வாங்கிக்கிடுவான். அன்னைக்கு ரசம் வச்சா ரசம், மந்திரிச்சா மந்திரம், பெட்டி வாங்குனாப் பெட்டி. உங்க எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே வாரம் காய்ச்சலாம்ல? அவுக வீட்டுல வெறும் ட்யூப்லைட்டுதான். அவனும் அஞ்சாம் நாள் பள்ளிக்கூடம் போயிட்டான்னு எம்மக சொன்னா. ட்யூப்லைட்டுக்கும் ஒரு அனுபவக் கட்டுரை எழுதுங்க மாப்பிள்ளே, பாவம், அதுக்குன்னு எழுத ஆளே இல்ல.

இம்புட்டு நேரம் கேலியாச் சொன்னேன். இப்பச் சொல்றது கேலி இல்ல.

நீங்க இருக்கிறது கொசு நிறைஞ்ச டவுனு. வைரல் காய்ச்சல்னு நாம பேரு வைக்கிறதுல டெங்குவும் இருக்கும். டெங்குவோட சூது என்னன்னா, பல பேருக்கு மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள காய்ச்சல் இறங்கும். ஆபத்து தொடங்குறதே அப்பத்தான். ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியும், தட்டணு குறையும், ரத்த அழுத்தம் விழும். காய்ச்சல் விட்டுருச்சு, லைட்டு ஜெயிச்சுதுன்னு நீங்க வாட்ஸப்புல எழுதிக்கிட்டு இருக்கிற அந்த நேரம்தான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டிய நேரமா இருக்கும். வயித்தை வலிக்குது, வாந்தி நிக்கல, ஈறுல மூக்குல ரத்தம், கை கால் சில்லிட்டுப்போச்சு, பிள்ளை சுணங்கிப்போய்த் தூங்கிக்கிட்டே இருக்கு, மூத்திரம் போகலன்னா ஒரு நிமிசம் தாமதிக்கக் கூடாது. பெட்டியோட பெரிய கெடுதல் அதோட வெளிச்சத்துல இல்ல. அதை நம்பி நீங்க சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துலதான் இருக்கு.

அதனால மாமன் சொல்றதைக் கேளுங்க. இனிமே எவனாவது வெளிச்சம் விக்க வந்தா மூணு கேள்வி கேளுங்க. எந்த வெளிச்சம்? எந்த நோய்க்கு? வெளிச்சம் காட்டாதவுக எத்தனை பேரோட ஒப்பிட்டுப் பார்த்தீக? மூணாவது கேள்விக்கு எவன் பேச்சை மாத்துறானோ அவனுக்கு ஒரு சொம்பு மோரு குடுத்து அனுப்பிவச்சுருங்க. காசு குடுக்காதீக.

வாங்குன பெட்டியைத் தூக்கிப்போட வேண்டாம். கூடத்துல மாட்டிக்கோங்க, கரண்டு போகாத வரைக்கும் வெளிச்சம் வரும். வாசப்பக்கம் மட்டும் மாட்டாதீக. ராத்திரியில வாசல்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா ஊரு வேற மாதிரிப் பேசும், நம்ம குடும்பத்துக்கு ஆகாது.

காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் குடுங்க, அதுவும் வயசுக்கும் எடைக்கும் தக்கன. ஆஸ்பிரினோ புரூஃபெனோ டாக்டரைக் கேட்காமக் குடுத்துராதீக, டெங்குன்னா ரத்தப்போக்கு கூடும். கஞ்சி, இளநி, உப்புக்கரைசல்னு நிறையத் தண்ணி உள்ள போகட்டும். ரெண்டு நாளைக்கு மேல காய்ச்சல் நீடிச்சா ரத்தம் பார்த்துருங்க. மொட்டைமாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஏசித் தண்ணி எங்கயும் தேங்க விடாதீக. கட்டுரை எழுதுன அதே கையால அடுக்குமாடிக்காரங்களுக்கு இதையும் எழுதிவிடுங்க. எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்ல.

கடைசியா ஒண்ணு. சின்னவனோட தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துட்டு எனக்குப் போன் போடுங்க. தட்டம்மை, ரூபெல்லா ஊசி ஒண்ணு ஒம்பது மாசத்துல, ரெண்டாவது ஒண்ணரை வயசு வாக்குல. ரெண்டாவது ஊசி போட்ட தேதி அந்த அட்டையில இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. வைரஸுக்கு நிசமான மருந்து உங்க வீட்டுல இருக்குன்னா அது அந்த அட்டையிலதான் இருக்கு. அதுவும் அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.